மூன்று நிமிடம்

குவிமாடத்தின் உயரம் இருநூற்றுப் பதினேழு அடி.
பதினோரு வருஷமாகச் சொல்லிவருகிறேன்,
இதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை.

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.
வெளியே பனி பக்கவாட்டில் பெய்கிறது.
கார்னிஷ் ஃபோர்க் பள்ளியின் நான்காம் வகுப்பு,
இருபத்திரண்டு ஜோடி ஈரக் காலணிகள்.
ஒருவன் தும்மினால் வரிசை முழுக்கத் தும்மல்.
கடைசியில், கணக்கில் இல்லாமல் ஒருவர்:
டை கட்டிப் பழகாத கழுத்து,
நகக்கண்ணில் போகாத கறுப்பு.
"ரெண்டு மணி விசாரணையை ஒத்திவச்சுட்டாங்களாம்.
பனி விடுற வரைக்கும் உங்ககூட நடக்கட்டுமா?"
ஆர்லின் வெஸ்ட்ரப். சோளமும் பன்றியும்.

நடங்கள் என்றேன். இலவசம்தானே.

தரைக்கல்லில் நத்தை காட்டினேன்.
முப்பது கோடி வருஷத்துக்கு முன்
இந்த மாநிலம் கடலாக இருந்தபோது செத்தது.
"யார் மிதிச்சாங்க?" என்றாள் மாரிபெல்.
ஆளுநர்கள் தாழ்வாரம் நெடுக மாட்டப்பட்டிருக்கிறார்கள்;
நடக்க நடக்கத் தாடி குறைந்துகொண்டே வரும்.
பிள்ளைகள் சிரிக்கும் இடம் அது. சிரித்தார்கள்.
அவர் ஒவ்வொரு முகத்தின் முன்னும் நின்று
இவரா, இவரா என்பதுபோல் பார்த்துவந்தார்.

பழைய பேரவை மண்டபம்.
இப்போது சபை கூடுவது புதுக்கட்டடத்தில்,
மைக்கும் பச்சை சிவப்புப் பொத்தான்களுமாக.
இங்கே மேசையில் மைக்கூடு வைக்கக் குழி மட்டும்.
அந்தக் காலத்தில் தொண்டைதான் மைக் என்று சொல்லி
ஒரு பிள்ளையை மேடையேற்றுவேன்.
முணுமுணுத்தாலும் கடைசிச் சுவர்வரை கேட்கும்.
எல்லாப் பிள்ளையும் சொல்வது ஒரே சொல்: பீட்சா.
வாக்கெடுப்பு நடத்துவேன். பீட்சா தோற்றதே இல்லை.

இன்று ஏறிய பையன் உறைந்துபோனான்.
"அந்த டை போட்டவர் பேசட்டும்" என்றாள் மாரிபெல்.

மறுப்பார் என்று நினைத்தேன்.
உள்பையிலிருந்து நாலாக மடித்த தாள் வந்தது.
மூன்று நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம்,
சமையலறையில் அடுப்பு மணி வைத்து
மனைவி அளந்து பார்த்தது.
"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, குழு உறுப்பினர்களே"
என்றே தொடங்கினார்,
இருபத்திரண்டு பிள்ளைகளைப் பார்த்து.
ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

கிணறு எண்பத்துநாலு அடி.
நைட்ரேட் பத்துக்குள் இருக்கவேண்டும்,
எங்களுடையதில் முப்பத்தொன்று.
மருமகள் குழந்தைக்குப் பால் கரைக்க
டவுனிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் வருகிறது.
மேட்டு நிலத்தில் அந்த உரத்தை
இருபத்தாறு வருஷம் நானும் போட்டேன்.
அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த மனு கிணற்றில் போட்ட கல் என்பார்கள்.
இவர் கிணற்றையே தூக்கிக்கொண்டு
நூற்றித்தொண்ணூறு மைல் வந்திருக்கிறார்.

மண்டபம் தன் வேலையைச் செய்தது.
முப்பத்தொன்று என்ற சொல்
பின்சுவரில் பட்டு, சிதையாமல், என் முதுகுக்குத் திரும்பிவந்தது.
இத்தனை வருஷம் இதைப் பீட்சாவுக்கு வைத்திருந்தேன்.

"இப்ப ஓட்டுப் போடணுமா?"
சுத்தியல் என் கையில். பரிசுக்கடைச் சுத்தியல்,
பதினாலு டாலர், வரி தனி.
ஆதரிப்போர் என்றேன், வேறென்ன சொல்ல.
சில கைகள். ஒன்று ஏறிப் பாதியில் நின்றது.
"எதை ஆதரிக்கிறோம்?" என்றான்
மேடையில் உறைந்துபோன அந்தப் பையன்.
ஆர்லின் தாளைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் ஒன்றுமில்லை.
"தெரியலை தம்பி. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

தட்டவில்லை நான். ஆசிரியை மணி பார்த்தார்.
அவர் பனிக்குள் போனார், வண்டி கிளம்புமா என்று பார்க்க.

வெளித்தாழ்வாரத்தில் பித்தளைக் குடிநீர்க் குழாய்.
முண்டியடித்து வரிசை. மாரிபெல் முறை வந்தது.
பொத்தானை அழுத்தினாள், நீர் வளைந்து எழுந்தது,
குனிந்து முகர்ந்தாள்.
வாய் வைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"குடிக்கலாம்" என்றேன்,
இருநூற்றுப் பதினேழு அடி என்று சொல்லும்
அதே குரலில்.